சுவருக்குள் ஒரு காலிக் குழாய்

கணவர் மாரடைப்பில் இறந்த பிறகு, சென்னையில் இருந்த அவருடைய தம்பி வேங்கிக்காலில் உள்ள எங்கள் வீட்டு மாடிக்குக் குடிவந்தார். கல்யாணம் ஆகாதவர். கம்ப்யூட்டர் வேலை, வீட்டிலிருந்தே செய்வதாகக் கம்பெனியில் கேட்டு வாங்கிக்கொண்டார். "அண்ணியையும் அம்மாவையும் தனியா விட முடியாது" என்று சொந்தக்காரர்களிடம் சொன்னாராம். என்னிடம் சொல்லவில்லை. எனக்கும் கேட்கத் தோன்றவில்லை. அந்த நாட்களில் குளி என்றால் குளித்தேன், படு என்றால் படுத்தேன். அழவில்லை. காரியத்துக்கு வந்த பெண்கள் அதைக் கவனித்து ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

எங்கள் ரவுட்டர் கீழே ஹாலில், டிவிக்குப் பக்கத்தில் இருந்தது. கான்கிரீட் தளத்தைத் தாண்டி வைஃபை மாடிக்கு எட்டவில்லை. மீட்டிங் என்றால் அவர் லேப்டாப்போடு இறங்கி வந்து மாடிப்படியில் உட்கார்ந்துவிடுவார். துணி உலர்த்தப் போகும்போது நான் அவரை ஒதுங்கிக் கடந்து போவேன். கொஞ்ச நாள் பொறுத்துவிட்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒரு சுருள் ஒயரும் சின்னப் பெட்டி மாதிரி ஒரு ஸ்விட்ச்சும் வாங்கி வந்தார். சென்னையில் வைத்திருந்த ரவுட்டரையும் பெட்டியிலிருந்து எடுத்தார்.

"கீழ இருந்து ஒரு ஒயர் மேல வந்துட்டா போதும் அண்ணி. அதை இந்த ஸ்விட்ச்ல குத்திட்டா, கம்ப்யூட்டருக்கு ஒண்ணு, இந்த ரவுட்டருக்கு ஒண்ணுனு பிரிச்சிக்கலாம். மாடிக்குத் தனியா வைஃபை வந்துடும்."

"சரி தம்பி."

"ஒயரை எப்படிக் கொண்டு போறதுன்னுதான் தெரியல. வெளிப்பக்கமா போட்டா குரங்கு இழுத்துடும்."

அப்போதுதான் நினைவு வந்தது. வீடு கட்டும்போது, ஹாலிலிருந்து மாடிக்குச் சுவருக்குள் ஒரு காலிக் குழாய் போடச் சொல்லி என் கணவர் எலக்ட்ரீசியனோடு மல்லுக்கட்டினார். எதற்கு என்று கேட்டதற்கு, "பின்னாடி எதுக்காச்சும் ஆகும்" என்றார். அரிசியில் கல் பார்த்துக்கொண்டே, தலையை நிமிர்த்தாமல் அதைச் சொன்னேன்.

கீழ்வாய் டிவிக்குப் பின்னால், ஒரு வெள்ளை மூடிக்குள் இருந்தது. மேல்வாய் எங்கே என்று தெரியவில்லை. பூசி, பெயின்ட் அடித்துவிட்டிருந்தார்கள். எலக்ட்ரீசியன்கள் குழாய்க்குள் விடும் நீளமான ஸ்பிரிங் கம்பி ஒன்றைத் தம்பி பக்கத்துத் தெருவில் கேட்டு வாங்கி வந்தார்.

"நான் கீழ இருந்து குத்துறேன். சத்தம் கேக்குதான்னு மட்டும் சொல்லுங்க அண்ணி."

மாடி அறைச் சுவரில் காதை வைத்துக்கொண்டு நகர்ந்தேன். சுவர் குளிர்ச்சியாக இருந்தது. ஜன்னலுக்குக் கீழே ஓரிடத்தில் எலி பிறாண்டுவதுபோல் கேட்டது. "இங்கதான்" என்றேன்.

அவர் உளியும் சுத்தியலுமாக மேலே வந்தார். பூச்சு உதிர்ந்ததும் குழாயின் வாய் தெரிந்தது. சிமெண்ட் உள்ளே போகாமல் இருக்க அதில் துணியை அடைத்து வைத்திருந்தார்கள். அவர் பிடுங்கி விரித்தார். நீலக் கட்டம் போட்ட சட்டைத் துணி.

"இது என் சட்டை அண்ணி. காலேஜ்ல போட்டது. நான் குண்டாயிட்டேன், எனக்குப் பத்தல. அண்ணன் எடுத்துக்கிட்டாரு. வீடு கட்டுறப்ப இதைத்தான் போட்டுக்கிட்டு வருவாரு."

அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதார். சுத்தியல் மடியில் கிடந்தது. நான் நின்றுகொண்டிருந்தேன். என்ன செய்ய வேண்டும் என்று தெரியும். பக்கத்தில் உட்காரலாம், ஏதாவது சொல்லலாம். எதிர்ப்புறம் போகும் பஸ்ஸில் யாரோ அழுவதை ஜன்னல் வழியாகப் பார்ப்பதுபோல்தான் இருந்தது எனக்கு.

"டீ போடட்டுமா தம்பி?"

தலையை ஆட்டினார்.

கீழே மாமியார், "மேல என்னம்மா சத்தம்?" என்றார்.

"சுவரை உடைக்கிறாரு அத்தை."

அழுகைச் சத்தம் அவருக்கும் கேட்டிருக்கும். டிவி பக்கம் திரும்பிக்கொண்டார்.

டீ குடித்துவிட்டு ஒயரை இழுத்தோம். அவர் மேலிருந்து இழுக்க, நான் கீழிருந்து சிக்கில்லாமல் விட்டுக்கொண்டே இருந்தேன். கம்ப்யூட்டருக்கு நெட் வந்துவிட்டது. ஆனால் புது ரவுட்டரைப் போட்டதும் வீடு முழுக்க நின்றுபோயிற்று. மாமியார் டிவியில் நெட் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்த தீபாராதனை பாதியில் உறைந்தது.

வெகு நேரம் லேப்டாப்பைப் பார்த்துவிட்டு அவர் சொன்னார்: "வீட்டுல இருக்கிற ஒவ்வொரு போனுக்கும் ரவுட்டர் ஒரு நம்பர் குடுக்கும் அண்ணி. இப்ப ரெண்டும் போட்டி போட்டுக் குடுக்குதுங்க, அதான் குழப்பம். மேல இருக்கிறது நம்பர் குடுக்கிறதை நிறுத்திட்டேன். இனிமே கீழ இருக்கிறதுதான் பெரியவரு. இது அவர் சொல்றதைக் கேட்டு நடக்கும்."

சொல்லிவிட்டு, தரையில் கிடந்த அந்தச் சட்டைத் துணியை எடுத்து மடித்தார். ஏன் என்று எனக்குப் புரிந்தது. புரிந்தது, அவ்வளவுதான்.

"மேல வைஃபைக்கு என்ன பேரு வைக்கட்டும்? அதே பேரு, அதே பாஸ்வேர்டு வெச்சா, மாடிக்குப் போனாலும் போன் தானா புடிச்சிக்கும்."

"அதையே வைங்க."

பாஸ்வேர்டைச் சொன்னேன். என் பெயரில் பாதியும் தன் பெயரில் பாதியும் சேர்த்து என் கணவர் வைத்தது. எழுத்துக்கூட்டிச் சொல்லச் சொல்லிக் கேட்காமல் தம்பி தட்டிக்கொண்டார்.

அடுத்த பௌர்ணமிக்குக் கீழ்பென்னாத்தூரிலிருந்து சொந்தக்காரர்கள் கிரிவலத்துக்கு வந்தார்கள். கூட்டம் ஜாஸ்தியானால் ஊரில் போன் சிக்னல் படுத்துவிடும். சுற்றி முடித்து வந்ததும் ஆளாளுக்கு பாஸ்வேர்டு கேட்டார்கள். சொன்னேன். என் நாத்தனார் மட்டும் தட்டிக்கொண்டே, "இது என்ன அண்ணி வார்த்தை?" என்றாள்.

"எங்க ரெண்டு பேரு பேரும்."

அவள் விரல் நின்றது. போனை வைத்துவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டாள். நடந்து வந்த சூடு அவள் கையில் இருந்தது. விடவேயில்லை.

"நெட் வருதா?" என்று கேட்டேன்.

"வருது அண்ணி."

மறுநாள் காலையில் அவர்களை பஸ் ஏற்றிவிட்டு வந்து வீட்டைப் பெருக்கினேன். மதியம் எனக்குப் பசித்தது. அதற்கு முன் எப்போது பசித்தது என்று நினைவில்லை. மிச்சமிருந்த சோற்றில் மோர் ஊற்றி, ஊறுகாயோடு நின்றபடியே சாப்பிட்டேன். மாடியில் தம்பி யாரிடமோ ஆங்கிலத்தில் விடாமல் பேசிக்கொண்டிருந்தார்.