பழகிப்போன மூக்கு

காசிமேட்டில் கூரியர் ஃபிரான்சைஸ் எடுத்து நடத்துகிறேன். மீன் விற்கும் தேவி, பெங்களூரில் இருக்கும் மகளுக்கு அனுப்ப ஒரு பார்சல் கொண்டுவந்தாள்.

"இன்னாம்மா கீது உள்ள?" என்றேன்.

"துணிமணிதான்க்கா."

எனக்கும் வாடை எதுவும் தெரியவில்லை. அனுப்பிவிட்டேன்.

மறுநாள் கம்பெனியிலிருந்து போன். "உங்க மூட்டை முழுக்கக் கருவாட்டு நாத்தம். கூட வந்த கல்யாணப் பட்டுப்புடவையும் நாறுது. இன்னொரு தடவை நடந்தா ஃபிரான்சைஸ் கேன்சல்!"

அன்று முழுக்க எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. கருவாட்டுக் காற்றிலேயே வளர்ந்த மூக்கை நம்பியது என் தப்பு. அன்றிலிருந்து, கோவையிலிருந்து புதிதாக வாழவந்த மருமகளை ஒவ்வொரு பார்சலையும் மோந்து பார்க்க வைத்தேன்.

ஒரு வருஷம் ஓடிவிட்டது. நேற்று ஒன்றை மோந்துவிட்டு, "ஒரு வாடையும் இல்லீங்க அத்தை" என்றாள். மனசு கேட்காமல் பிரித்தேன். உள்ளே நெத்திலிக் கருவாடு!

இப்போது எந்த மூக்கையும் நம்பாமல், பிரித்துப் பார்த்த பிறகே டேப் ஒட்டுகிறேன். மருமகளும்தான் காசிமேட்டுக்காரி ஆகிவிட்டாளே!