பன்னிரண்டு மணிக்குக் காத்திருந்தவள்

மியூனிக் ரயில் நிலையத்தில் பதினேழாம் எண் போர்ட்டராக இருந்த அலோய்ஸைப் பற்றி எழுத வேண்டுமானால், முதலில் என் முட்டாள்தனத்தை ஒப்புக்கொள்ள வேண்டும். எங்கள் பழக்கம் அதில்தான் தொடங்கியது.

1968 அக்டோபர், ஒரு வெள்ளிக்கிழமை. வேதியியலில் டாக்டர் பட்டத்துக்காக மதராஸிலிருந்து வந்துகொண்டிருந்தேன். பேராசிரியரின் கடிதம் கறாராக இருந்தது. அன்று மூன்று மணிக்குள் நேரில் வந்து கையெழுத்துப் போட வேண்டும். அதன்பின் அவர் ஒரு மாதப் பயணம் கிளம்பிவிடுவார், என் இடம் அடுத்தவருக்குப் போய்விடும். அவருடைய ஆய்வுக்கூடம் இருந்த சிற்றூருக்கு ரயில் கிடையாது. மியூனிக்கில் இறங்கி, நிலையத்தை விட்டு வெளியே வந்து, தெருவைத் தாண்டிப் பஸ் பிடிக்க வேண்டும். பன்னிரண்டு ஐந்துக்கு ஒரு பஸ், அடுத்தது சாயங்காலம்தான்.

என் ரயில் பத்து நாற்பதுக்கே வந்துவிட்டது. நேரம் தாராளமாக இருந்தது. ஆனால் வெள்ளிக்கிழமை பத்தரையிலிருந்து பன்னிரண்டு வரை ராகுகாலம்!

"புது ஊர்ல ராகுகாலத்துல வாசலைத் தாண்டிடாதடி, கனகு," என்று சென்ட்ரலில் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு அம்மா சொல்லி அனுப்பியிருந்தாள். எம்.எஸ்ஸி.யில் தங்கப் பதக்கம் வாங்கியவள் நான். படிப்பது ராமாயணம், இடிப்பது பெருமாள் கோயில். நிலையத்துக் கூடத்தில் டிரங்குப் பெட்டியைப் போட்டு அதன்மேல் உட்கார்ந்துவிட்டேன். தெருவைத் தாண்ட ஐந்து நிமிஷம் போதாதா என்று நானே ஒரு கணக்குப் போட்டுக்கொண்டேன். அம்மா சொன்ன ராகு மதராஸ் கடிகாரம் பார்ப்பவனா, மியூனிக் கடிகாரம் பார்ப்பவனா என்றுகூட யோசிக்கவில்லை.

அப்போதுதான் அலோய்ஸ் வந்தார். ஐம்பத்தெட்டு வயது, நரைத்த மீசை, தொப்பியில் பித்தளை எண். பெட்டியைக் காட்டி ஏதோ கேட்டார். நான் கற்ற ஆறு மாத ஜெர்மன் அவருடைய பவேரியப் பேச்சுக்கு முன்னால் பல்லிளித்தது. பெரிய கடிகாரத்தைக் காட்டி, "பன்னிரண்டு மணி," என்றேன். அவர் கடிகாரத்தைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார், தலையசைத்துவிட்டுப் போனார்.

பத்தே நிமிஷத்தில் ஒரு கோப்பை காப்பியோடு திரும்பி வந்தார். பிறகு நகரவே இல்லை. இரண்டு பேர் கைதட்டிக் கூப்பிட்டார்கள், மூன்றாவதாக ஒரு அம்மாள் கத்தியே கூப்பிட்டாள். எல்லோருக்கும் கையை விரித்துவிட்டு, தூணருகே நின்றபடி என்னையும் கடிகாரத்தையும் மாறிமாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். பேசாமல் போகக் கூடாதா என்று எனக்கு எரிச்சலாகக்கூட இருந்தது.

முள் பன்னிரண்டைத் தொட்டது. நான் பஸ் சீட்டை அவரிடம் நீட்டினேன். நேரத்தைப் படித்ததும் அவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. பெட்டி அவருடைய தள்ளுவண்டியில் ஏறியதும் ஓட ஆரம்பித்தோம். வெளியே சுரங்க ரயிலுக்காகத் தெருவையே தோண்டிப் போட்டிருந்தார்கள். பலகைப் பாலம், சேறு, சுற்றுவழி. என் ஐந்து நிமிஷக் கணக்கில் இவை எதுவும் இல்லை. நாங்கள் போய்ச் சேர்ந்தபோது கதவை மூடிக்கொண்டு பஸ் நகர ஆரம்பித்திருந்தது.

அலோய்ஸ் வண்டியைக் கொண்டுபோய்ப் பஸ்ஸுக்குக் குறுக்கே நிறுத்தினார்!

பெற்ற தாய்க்காகக்கூட அரை நிமிஷம் தாமதிக்காத ஊர் அது. டிரைவர் கத்தினார், அவரைவிட உரக்க அலோய்ஸ் கத்தினார். கதவு திறந்தது. இரண்டரைக்குக் கையெழுத்துப் போட்டேன். என் பட்டம், உத்தியோகம், இன்று உண்ணும் சோறு எல்லாம் அந்த அரை நிமிஷத்தில் கிடைத்தவை. அந்த மனிதரை நினைக்காமல் எனக்கு ஒரு வெள்ளிக்கிழமையும் போனதில்லை.

மாதம் ஒருமுறை மியூனிக் போகும்போதெல்லாம் அவரைப் பார்ப்பேன். என் எலுமிச்சம்பழச் சாதத்தைச் சாப்பிட்டுக் கண் கலங்குவார். காரம்தான் காரணம். வீட்டைப் பற்றி மட்டும் பேசமாட்டார்.

1975 வசந்தத்தில் ஓய்வு பெற்றார். தங்கையின் கிராமத்துக்கே போய்விடுவதாக முடிவு. அதே தடத்தில், அதே பன்னிரண்டு ஐந்து பஸ். வழியனுப்பப் போனவள் அவர் பெட்டியை வண்டியில் ஏற்றி நானே தள்ளினேன். கூடத்தின் நடுவில் அவர் நின்றார்.

"ரொம்ப நாளாக் கேக்கணும்னு இருந்தேன். அன்னிக்குப் பன்னெண்டு மணிக்கு யார் வரேன்னு சொன்னாங்க?"

"யாரும் சொல்லலையே!"

"யாரோ சொல்லி, நீங்க நம்பி உக்காந்திருக்கீங்கன்னு நினைச்சேன். போர்க்கைதியா இருந்த ரஷ்யச் சிறையிலேர்ந்து நாப்பத்தொன்பதுல நான் இங்கதான் வந்து இறங்கினேன். பெண்டாட்டி வருவான்னு இதே இடத்துல மூட்டை மேல உக்காந்திருந்தேன். அவ குண்டுவீச்சுல போய் அஞ்சு வருஷம் ஆயிருந்தது, எனக்குத் தெரியாது. பன்னெண்டு அடிச்சு, உங்களுக்கும் யாரும் வரலைன்னா, பக்கத்துல ஒரு ஆளாவது இருக்கட்டுமேன்னு நின்னேன்."

இதற்கு மேல் மறைப்பது பாவம் என்று தோன்றியது. ராகு, கெட்ட நேரம், அம்மா சொன்னது எல்லாவற்றையும் கொட்டினேன். விழுந்து விழுந்து சிரிப்பார் என்று காத்திருந்தேன்.

அவர் கடிகாரத்தைப் பார்த்தார். பதினொன்று இருபது.

"இன்னிக்கும் வெள்ளிக்கிழமைதானே?"

"ஆமா."

வண்டியிலிருந்து பெட்டியை இறக்கிக் கீழே வைத்து, அதன்மேல் உட்கார்ந்துகொண்டார்.

"அப்போ பன்னெண்டுக்கே போவோம். ஓடத் தெம்பு இருக்கில்ல?"

இருக்கிறது என்று சொல்லிவிட்டு, வண்டியைப் பிடித்துக்கொண்டு அவர் பக்கத்தில் நின்றேன்.