கிழிக்காத பை

ஏலப்பாறைக்கு மேலே சோலைக்காட்டை மீட்க எஸ்டேட் மக்கள் நாவல் கன்றுகள் நடுகிறார்கள். முதல் கன்றை என்னிடம் தந்தார்கள். பிளாஸ்டிக் பையைக் கிழித்ததும் ஈர மண்ணின் வாசம் எழுந்தது. என் கை நின்றுவிட்டது.

எழுபதுகளில் எனக்குப் பத்து வயது. ஓடை வற்றத் தொடங்கியதால், லயம் எனும் தொழிலாளர் வரிசை வீடுகளில் இருந்தவர்கள் இதே சரிவில் நாவல் நட்டார்கள். யார் முதலில் முடிப்பது என்று பிள்ளைகளுக்குள் போட்டி. பையைக் கிழித்தால் நேரமாகும் என்று என் வரிசையைப் பையோடே புதைத்தேன். நான்தான் ஜெயித்தேன்.

வேர் ஓட இடமில்லாமல், கோடையில் என் வரிசை மட்டும் வாடியது. அதற்குத் தண்ணீர் ஊற்றும் பொறுப்பு செல்லம்மா சித்திக்கு.

"தலையில பூ வைக்க நேரமிருக்கு, செடிக்குத் தண்ணி ஊத்தத்தான் கை வலிக்கி" என்று பெண்கள் சிரித்தார்கள்.

சித்தி இன்னும் இரண்டு குடம் சுமந்தார். கன்றுகள் பட்டுப்போயின. யாரும் பார்க்கும் முன் பையோடு பிடுங்கிப் புதருக்குள் எறிந்தேன்.

அடுத்த மழையில் மீண்டும் நட்டபோது சித்தி கன்றைத் தொடவில்லை. "எனக்குக் கைராசி இல்லய்யா. நீயே நடு."

இம்முறை பையைக் கிழித்து நட்டேன். எல்லாம் பிழைத்தன. லயமே என் கைராசியை மெச்சியது. சித்தி சாகும்வரை நான் உண்மையைச் சொல்லவில்லை.

இன்று முதல் கன்றை என்னிடம் தந்ததும் அந்தக் கைராசிக்காகத்தான்.