கருவாடு ஜெயித்த கோப்பை

எங்கள் நாயின் பெயர் கருவாடு. தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளான எங்கள் லயத்தின் தகரக் கூரையில் யார் கருவாடு காயப்போட்டாலும், பின்பக்கத்து மண்மேட்டிலிருந்து ஒரே தாவலில் கூரைக்குப் போய் எடுத்துக்கொண்டு வந்துவிடும். அதனால் அத்தை வைத்த பெயர் அது. கறுப்பிலும் சேராத, செம்மையிலும் சேராத ஒரு நிறம். ஒரு காது நிமிர்ந்திருக்கும், மற்றது தொங்கும். அழகு என்று சொல்ல எனக்கே கொஞ்சம் தயக்கம்தான். ஆனால் தாவுவதில் அதை மிஞ்ச அந்த மலையில் வேறொன்று இல்லை என்பதில் எனக்கு இன்றுவரை சந்தேகம் கிடையாது.

தொண்ணூறுகளின் நடுவில் நடந்த கதை இது. எனக்குப் பதினொரு வயது. பக்கத்துக் காம்பரா வீட்டில் விருந்தாளிக்கென்று வைத்திருந்த நெத்தலியைக் கருவாடு ஒரு மீன் மிச்சமில்லாமல் தின்றுவிட்டது. லயமே எங்கள் வாசலில் கூடிச் சத்தம் போட்டது. அப்பா அன்றைக்கே முடிவெடுத்தார். உடப்புசல்லாவைப் பக்கம் மரக்கறித் தோட்டம் போடுகிற ஒருவருக்குக் காவலுக்கு நாய் வேண்டுமாம். சீசன் முடிந்ததும் அந்தப் பக்கம் போகும் லொறியில் கருவாட்டையும் ஏற்றிவிடுவது. சீசன் என்றால் ஏப்ரல் மாதம். நுவரெலியாவில் பூக்கண்காட்சியும் குதிரைப் பந்தயமுமாக ஊரே கோலாகலமாக இருக்கும்.

நான் அழுதேன். சாப்பிட மாட்டேன் என்று அடம்பிடித்தேன். அப்பா என் பங்கு ரொட்டியையும் சாப்பிட்டுவிட்டு நிம்மதியாகப் படுத்துக்கொண்டார்.

அப்போதுதான் அத்தை வாயைத் திறந்தாள். அத்தை அப்பாவின் தங்கை, எங்களோடுதான் இருந்தாள். துரையின் பங்களாவில் பூந்தோட்ட வேலை. துரை என்றால் தோட்டத்து மனேஜர், துரைசாணி அவருடைய மனைவி. துரைசாணிக்கு நாய்கள் என்றால் உயிர். பங்களாப் புல்தரையில் கம்புகளும் குழாயும் பலகையும் வைத்து, தாண்டவும் நுழையவும் ஏறவும் அவற்றுக்குப் பழக்கிக்கொண்டிருந்தார். அத்தை பூச்செடிக்குத் தண்ணீர் ஊற்றுகிற சாக்கில் அதையெல்லாம் ஒன்றுவிடாமல் பார்த்துவைத்திருந்தாள்.

“அண்ணே, தொரசாணி நாயிக கம்பு தாண்டுறத பாத்தா எனக்குச் சிரிப்புத்தான் வருது. நம்ம கருவாடு களவெடுக்கப் போறப்பவே அதவிட ஜோரா தாண்டுது. சீசனுக்கு நுவரெலியாவுல போட்டி வைக்கிறாங்களாம். எந்த நாயும் சேரலாம்னு தொரசாணியே சொன்னாங்க.”

அப்பா கண்ணைத் திறக்காமலே பதில் சொன்னார். “சேரட்டும். கப்பு வாங்கிட்டு வந்தா இங்க இருக்கட்டும். இல்லாட்டி லொறியில ஏறட்டும்.”

நடக்கவே நடக்காது என்ற தைரியத்தில் சொன்னதுதான். ஆனால் அத்தை அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். “பாத்தியா, ஒங்கப்பா வாக்குக் குடுத்துட்டாரு” என்று என் காதில் சொன்னாள்.

மறுநாள் முதல் லயத்துக்குப் பின்னாலிருந்த வெற்றிடம் எங்கள் மைதானமானது. கவ்வாத்தில் வெட்டிப் போட்ட தேயிலை மிலாறுக் குச்சிகளைக் கட்டித் தாண்டுவதற்குக் கம்பு செய்தோம். அம்மா கொழுந்து பறிக்கப் போகும்போது இடுப்பில் சுற்றுகிற படங்குச் சாக்குகளில் பழையது இரண்டையும், பழையது என்று நாங்களாகவே தீர்மானித்த ஒன்றையும் சேர்த்துத் தைத்துக் குழாய் செய்தோம். மூன்றாவதற்காக அம்மாவிடம் வாங்கிய ஏச்சைத் தனியாக எழுத வேண்டும். வரிசையாக நட்ட குச்சிகளுக்கிடையே நெளிந்து போக வேண்டும் என்று அத்தை சொன்னபோது, அதற்குக் குச்சியே தேவைப்படவில்லை. புதிதாக நட்ட இளந்தேயிலைச் செடிகளுக்கு நடுவே கருவாடு பிறந்ததிலிருந்தே அப்படித்தான் ஓடிக்கொண்டிருந்தது.

நாயைத் தொடக்கூடாது, கயிறு போடக்கூடாது, கூடவே ஓடி வாயாலும் கையாலும்தான் வழிகாட்ட வேண்டும். இதுதான் சட்டம். கருவாட்டுக்கு வழிகாட்ட நான் பெரிதாக ஒன்றும் செய்யவில்லை. நான் ஓடினால் ஓடும், நின்றால் நிற்கும், திரும்பினால் திரும்பும். முடிவில் ஒரு துண்டுக் கருவாடு. அத்தை அதைப் பங்களாக் குசினியிலிருந்து கொண்டுவந்தாள். எப்படிக் கொண்டுவந்தாள் என்று நான் கேட்கவில்லை.

இன்னொரு பழக்கமும் கருவாட்டுக்கு இருந்தது. அது நாங்கள் சொல்லிக்கொடுத்ததல்ல. தோட்டத்து ரோட்டில் துரை வருவது தெரிந்தால், ஜீப்பிலோ நடந்தோ எப்படி வந்தாலும், நாங்கள் ரோட்டோரத்தில் மழைத்தண்ணீர் ஓடும் கானோரமாக இறங்கி ஒதுங்கி நிற்போம். அவர் கடந்து போன பிறகுதான் கால் எடுத்து வைப்போம். எனக்கு நடக்கத் தெரிந்த நாளிலிருந்து அப்பா சொல்லிக்கொடுத்தது அது. ஒருமுறை ஒதுங்காமல் நின்று வேடிக்கை பார்த்ததற்காக அப்பா என் தொடையில் வைத்த கிள்ளு ஒரு வாரம் நீலமாக இருந்தது. எங்களோடு நடந்து நடந்து கருவாடும் அதைப் படித்துவிட்டது. துரைமார் போடுகிற தொப்பியும் அரைக்காற்சட்டையும் காலில் நீளமான வெள்ளை மேஜோடும் கண்ணில் பட்டால் கானோரம் போய் உட்கார்ந்துகொள்ளும்.

போட்டி நாளன்று அத்தையும் நானும் கருவாடும் முதல் பஸ்ஸில் நுவரெலியாவுக்குப் போனோம். மைதானத்தைச் சுற்றி நான் அதுவரை பார்த்திராத நாய்கள். ஒன்றுக்கு நெற்றியில் ரிப்பன் கட்டியிருந்தார்கள். ஒன்று என் உயரம் இருந்தது. பெயர் பதிகிற மேசையில் இருந்தவர் நாயின் பெயரைக் கேட்டு, அத்தை சொன்னதும், மறுபடி கேட்டார். அத்தை கூச்சமேயில்லாமல் இன்னும் உரக்கச் சொன்னாள்.

ஒவ்வொரு நாய்க்கும் இரண்டு தடவை ஓட வாய்ப்பு. எது நன்றாக இருக்கிறதோ அது கணக்கில் சேரும். எங்கள் முறை வந்தது. முதல் கம்பு, இரண்டாவது கம்பு, பலகை, எல்லாவற்றையும் கருவாடு காற்றாகக் கடந்தது. கூட்டம் கைதட்ட ஆரம்பித்தது. அந்த நேரத்தில்தான் நடுவர் ஓட்டத்தைக் கிட்ட நின்று பார்ப்பதற்காக எங்களை நோக்கி வந்தார். தலையில் தொப்பி, அரைக்காற்சட்டை, முழங்கால் வரை வெள்ளை மேஜோடு.

நான் யோசிக்கவே இல்லை. கால் தானாக ஓரத்துக்குப் போனது. கயிறு கட்டிய எல்லையோரம் தலையைக் குனிந்து நின்றேன். பக்கத்தில் கருவாடும் வந்து ஒழுங்காக உட்கார்ந்தது. அவர் கடந்து போகட்டும் என்று இருவரும் காத்திருந்தோம். அவரோ எங்களைப் பார்த்துக்கொண்டு நின்றார். மைதானமே சிரித்தது. கடைசியில் அவர் சிங்களத்தில், ஓடு மகளே, ஏன் நின்றுவிட்டாய் என்று கேட்டார். அதற்குள் நேரம் முடிந்து மணி அடித்துவிட்டார்கள்.

வெளியே வந்து அத்தையைக் கட்டிக்கொண்டு அழுதேன். லொறியின் சத்தமே எனக்குக் கேட்க ஆரம்பித்துவிட்டது. அத்தை சிரிக்கவில்லை. முந்தானையால் என் மூக்கைத் துடைத்துவிட்டாள்.

“ஏன்டி நின்ன?”

“தொர வந்தாரு அத்தே.”

“அவரு தொர இல்லடி, கொழும்புலருந்து வந்த ஆளு.” அத்தை மைதானத்தைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு என் தோளைப் பிடித்து அழுத்தினாள். “தொரயாவே இருந்தாலும் இன்னிக்கி நீ நிக்காத. அவருக்கும் காலு இருக்குல்ல? அவரு ஒதுங்கட்டும்.”

இப்படியொரு பேச்சை நான் அதுவரை யார் வாயிலும் கேட்டதில்லை.

இரண்டாவது தடவை. பாவாடையை இடுப்பில் தூக்கிச் செருகிக்கொண்டு ஓடினேன். கருவாடு கம்புகளைத் தாண்டியது, பலகையில் ஏறி இறங்கியது, குச்சிகளுக்கிடையே இளந்தேயிலையில் ஓடுவதைப் போலவே நெளிந்து போனது. குழாய்க்குள் நுழைந்து மறுவாயில் தலையை நீட்டியபோது, நேர் எதிரே அதே வெள்ளை மேஜோடு. அவருக்குப் பின்னால் கடைசிக் கம்பு. என் ஓட்டம் தயங்கியது. கருவாடு என் முகத்தைப் பார்த்தது. நிற்பதா, போவதா என்று அது கேட்டது எனக்கு இன்றைக்கும் தெரிகிறது.

“போடா கருவாடு, போ!” என்று அடித்தொண்டையில் கத்திக்கொண்டு நான் நேராக அவரைப் பார்த்து ஓடினேன்.

கருவாடு பாய்ந்தது. நடுவர் ஓர் அடி பின்வாங்கினார், பிறகு துள்ளி ஓரத்துக்குப் போனார். தொப்பி கழன்று புல்லில் விழுந்தது. அதையும் போட்டியில் வைத்த ஒரு தடை என்று நினைத்தோ என்னவோ, கருவாடு தொப்பியையும் தாண்டி, கம்பையும் தாண்டி, எல்லைக்கோட்டுக்கு அப்பால் போய் வாலை ஆட்டியது. நான் அதன்மேல் போய் விழுந்தேன். மைதானம் அதிர்ந்தது. தன் நாய்களோடு வந்திருந்த துரைசாணி எழுந்து நின்று கைதட்டினார். நடுவர் தொப்பியைத் தட்டிப் போட்டுக்கொண்டு சிரித்தபடி வந்து என் கையைக் குலுக்கினார். ஒலிபெருக்கியில் “கறுவாட்” என்ற பெயர் மூன்று தடவை ஒலித்தது. பளபளவென்ற கோப்பை என் கையில் இருந்தது. அந்த நிமிடத்தில் உலகத்தில் என்னைவிடப் பெரியவர் யாருமில்லை.

லயத்துக்கு வந்து சேர்ந்தபோது எல்லாரும் வாசலுக்கு வந்துவிட்டார்கள். நெத்தலியைப் பறிகொடுத்தவரும் வந்தார். நான் கோப்பையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, முதல் கம்பிலிருந்து ஆரம்பித்தேன். யாரும் பொறுமையாகக் கேட்கவில்லை. அத்தை இடையில் புகுந்து தொப்பி விழுந்ததைச் சொல்லிவிட்டாள். அதன் பிறகு எல்லாருக்கும் அந்த ஓர் இடம்தான் வேண்டியிருந்தது.

“நீ நிக்கவே இல்லியா?” அப்பா கேட்டார்.

“இல்லப்பா.”

“அவருதான் ஒதுங்குனாரா?”

“ஆமாப்பா.”

அப்பா படியில் உட்கார்ந்து சிரிக்க ஆரம்பித்தார். அப்படி அவர் சிரித்து நான் பார்த்ததே இல்லை. கண்ணில் நீர் வழிய வழியச் சிரித்தார். வேலை முடிந்து புதிதாக யார் வந்தாலும் கூப்பிட்டு உட்காரவைத்து, அந்த இடத்தை மறுபடி சொல்லச் சொன்னார். நாலாவது தடவை கதையை அப்பாவே சொன்னார். அதில் கொழும்பு நடுவர் எப்படியோ எங்கள் தோட்டத்துத் துரையாகவே மாறிவிட்டிருந்தார்.

“அது நம்ம தொர இல்லப்பா, கொழும்பு ஆளு” என்று திருத்தினேன்.

“நீ சும்மா இரு புள்ள” என்று ஒரே குரலில் நாலைந்து பேர் என்னை அடக்கினார்கள்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. ஒதுங்கி நிற்காததற்காகக் கிள்ளிய அதே கைதான் இப்போது என் முதுகைத் தட்டிக்கொண்டிருந்தது. கிடைத்த இடைவெளியில் கேட்டேன்.

“அப்பா, அப்ப கருவாடு இங்கயே இருக்கட்டுமா?”

“அது எங்கடி போகப்போவுது?” என்றார் அப்பா, கண்ணைத் துடைத்துக்கொண்டு. “நீ அந்தத் தொப்பி எப்புடி விழுந்துச்சுன்னு இவங்களுக்குச் சொல்லு.”

இத்தனை பாடுபட்டு வாங்கிய கோப்பையை ஒருவர்கூடக் கையில் வாங்கிப் பார்க்கவில்லையே என்று எனக்கு அழுகை முட்டியது. இருந்தாலும் சொன்னேன்.