நான்காவது கம்ப்யூட்டர்

இதைக் கட்டுக்கதை என்று நினைப்பவர்கள் இந்த வரியோடு நிறுத்திக்கொள்ளலாம். அவர்கள்மேல் எனக்கு வருத்தமில்லை. என் ஆத்திரமெல்லாம் அந்த ஸ்டூடியோ முதலாளிமேல்தான். இன்றைக்கும் அவர் முகம் ஞாபகம் வந்தால் பல்லைக் கடிக்கிறேன்.

பட்டப்பகலில் நடந்தது. ஒரு நாடகக் குழுவுக்குப் பின்னணி இசை. மாலைக்குள் கொடுத்தாக வேண்டும். வாடகை ஸ்டூடியோவில் நாங்கள் மூன்று பேர்தான். என் கம்ப்யூட்டரில் தாளம். தங்கையின் கணவர் கம்ப்யூட்டரில் கீபோர்டு இசை. மூன்றாவதில் தங்கையின் பாட்டு பதிவாகும். மூன்றையும் ஒரே நெட்வொர்க்கில் இணைத்திருந்தோம். ஒன்றில் வேகத்தை மாற்றினால் மூன்றும் மாறும். எத்தனை இணைந்திருக்கின்றன என்று திரையின் மூலையில் ஓர் எண் காட்டும்.

மூன்று.

தங்கை பாடும் அறைக்குள் போனாள். குளியலறை அளவுதான் இருக்கும். சுவரெல்லாம் பஞ்சுப் பலகை, ஜன்னல் கிடையாது, தடித்த கதவு. உள்ளே கத்தினாலும் மைக் இல்லாமல் வெளியே கேட்காது.

மணி 2.46. மூலையில் எண் மாறியது. நான்கு.

வேகம் தானாக ஏறியது. நான் நிமிடத்துக்கு 96 தட்டு வைத்திருந்தேன். 110... 130... 150. மூன்று கம்ப்யூட்டரும் சேர்ந்து ஓடின.

மாப்பிள்ளைதான் எதையோ நோண்டுகிறார் என்று எரிந்து விழுந்தேன். அவர் இரண்டு கைகளையும் தூக்கிக் காட்டினார்.

"நான் தொடவே இல்ல மச்சான்."

பக்கத்து ஸ்டூடியோக்காரர்கள் நம் நெட்வொர்க்கில் நுழைந்துவிட்டார்கள் என்று சண்டைக்குக் கிளம்பினேன். அங்கே பூட்டு தொங்கியது. திரும்பி வந்து வைஃபையை அணைத்தேன். நெட்வொர்க் கேபிள்களை எல்லாம் பிடுங்கி எறிந்தேன்.

2.53. எண் ஒன்றாகக் குறைந்திருக்க வேண்டும்.

நான்கு.

இப்போது வேகம் இறங்கியது. 80... 60... 41...

தாளத்தின் ஒலியும் மாறியிருந்தது. தொம்... தொம்... மரத்தில் எதுவோ மோதும் சத்தம். அப்படி ஓர் ஒலியை நான் வைக்கவே இல்லை.

ஸ்பீக்கரில் தங்கையின் குரல்.

"அண்ணா, விளையாடாத. கதவத் திற."

ஓடினேன். கதவில் வெளிப்பக்கத் தாழ்ப்பாள் போட்டிருந்தது. நாங்கள் இரண்டு பேருமே அந்தப் பக்கம் போகவில்லை.

இழுத்தேன். அசையவில்லை.

26... தொம்.

19...

...தொம்.

மாப்பிள்ளை ஸ்டூலைத் தூக்கி அடித்தார். தாழ்ப்பாள் தெறித்தது. மணி 3.02.

சத்தம் நின்றுபோனது.

தங்கை வெளியே வந்தாள். உடம்பெல்லாம் வேர்வை. எங்களைப் பார்க்காமல் அறைக்குள்ளேயே திரும்பிப் பார்த்தாள்.

"உள்ள என்கூட நின்னு தட்டினது யாரு?"

முதலாளியிடம் போய்க் கத்தினேன். மின்சாரக் கோளாறு என்றார். என் கண்ணைப் பார்க்காமல் சொன்னார்.

உண்மை ஒரு மாதம் கழித்துத்தான் தெரிந்தது. பாடும் அறையின் கதவைச் செய்த தச்சர் சொன்னார். இரண்டு வருடத்துக்கு முன் நான்கு நாள் விடுமுறை வந்திருக்கிறது. உள்ளே ஆள் இருக்கிறாரா என்றுகூடப் பார்க்காமல் முதலாளி தாழ்ப்பாளைப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போயிருக்கிறார். உள்ளே சவுண்டு என்ஜினியர். அவர் சாவை மாரடைப்பு என்று சொல்லி மூடி மறைத்துவிட்டார்கள். அதற்குப் பிறகு மாட்டிய புதுக் கதவிலும் தாழ்ப்பாளை வெளியிலேயே வைக்கச் சொன்னாராம், அந்த மனுஷன்.

பழைய கதவைக் கழற்றியவரும் அதே தச்சர்தான். அதன் உள்பக்கத்தில், தலை உயரத்தில் கை அடித்த தடங்கள் இருந்தனவாம். அதற்குக் கீழே இடுப்பு உயரத்தில். அதற்கும் கீழே முழங்கால் உயரத்தில்.

கடைசித் தடம் தரையை ஒட்டி இருந்ததாம்.