டீயில் ஓடிய உடம்பு

டெப்போவில் அவளைக் குச்சி என்றுதான் கூப்பிடுவார்கள். டவுன் பஸ் ஓட்டுகிற சில பெண்களில் அவளும் ஒருத்தி. "குச்சி, காத்தடிக்குது, ஸ்டியரிங்கைக் கெட்டியாப் பிடிச்சுக்கோ" என்று மெக்கானிக் கிண்டல் செய்வார். பதில் சொல்லவும் தெம்பில்லாமல் சிரித்துவிட்டு வண்டியில் ஏறிவிடுவாள்.

ஒரு வாரம் முதல் வண்டி, மறு வாரம் கடைசி வண்டி என்று டூட்டி மாறிக்கொண்டே இருக்கும். முதல் வண்டி என்றால் கிளம்புகிற அவசரத்தில் தொண்டையில் எதுவும் இறங்காது. கடைசி வண்டி என்றால் வீடு வந்து சேர்வதற்குள் பசி செத்துப் போயிருக்கும். நடுவில் டீ, கூட இரண்டு பிஸ்கட். தண்ணீர் குடிக்கவும் பயம். கடைசி ஸ்டாப்பில் இருந்த கழிப்பறை எப்போதும் பூட்டியே கிடக்கும். சாவி யாரிடம் இருக்கிறது என்று கேட்டால் ஆளுக்கொரு பேரைச் சொல்வார்கள்.

இந்த ஓட்டத்தில் மாதவிலக்கு தள்ளித் தள்ளிப் போய், ஒரு கட்டத்தில் வரவே இல்லை. கர்ப்பமோ என்று முதலில் பதறிச் சோதித்துப் பார்த்தாள். இல்லை என்றதும் அதோடு விட்டுவிட்டாள். உள்ளதைச் சொன்னால் நிம்மதியாகக்கூட இருந்தது. சூடான இன்ஜினுக்குப் பக்கத்தில், இடுப்பு வலியோடு, நெரிசலில் மாட்டிக்கொண்டு தவிக்கிற பாடு மிச்சம்.

மாமியார் கெட்டவர் இல்லை, கேள்வியை அடக்கத்தான் தெரியாது. "ஏம்மா, ஏதாவது விசேஷம் உண்டா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். நாத்தனார் போனில் வைத்தியம் சொன்னாள். இதைத் தின்னு, அதைத் தொடாதே, குளிர்ந்த தண்ணி ஆகாது. சொன்னதையெல்லாம் கேட்டால் காற்றைக் குடித்துத்தான் வாழ வேண்டும் போலிருந்தது.

கடைசியில் புருஷனைக் கூட்டிக்கொண்டு டாக்டரம்மாவிடம் போனாள். அவன் லேத் பட்டறையில் வேலை செய்கிறவன், பேச்சு குறைவு.

"காலைல என்ன சாப்பிட்டீங்க?"

"டீ."

"நேத்து மத்தியானம்?"

"டீ. பிஸ்கட்."

புருஷன் திரும்பி அவளைப் பார்த்தான். ஒரே வீட்டில் இருந்தும் அவனுக்கு இது புதுச் செய்தி.

"சரியா சாப்பாடு கிடைக்காத உடம்பு முதல்ல தன்னைக் காப்பாத்திக்கத்தான் பார்க்கும்மா. கருமுட்டை விடுறதையே நிறுத்திடும். எடை ஏறணும், வேளைக்குச் சாப்பாடு, நல்ல தூக்கம். வேற காரணமும் இருக்கலாம், டெஸ்ட் எடுத்துப் பார்ப்போம்" என்ற டாக்டரம்மா அவன் பக்கம் திரும்பினார். "சிகரெட் உண்டா?"

"எப்பவாவது."

"உங்க சட்டை வேற சொல்லுதே. விட்டுடுங்க. உங்களுக்கும் டெஸ்ட் உண்டு."

"சாப்பிட்டா குழந்தை பிறந்துடுமா டாக்டர்?" என்று கேட்டாள் அவள்.

"அப்படி வாக்குக் கொடுக்க முடியாது. நின்னது திரும்ப வரும்னு நம்பலாம். மத்தது போகப் போகத்தான் தெரியும்."

மறுநாள், டூட்டி பிரித்துப் போடுகிற டைம் கீப்பரிடம் நிரந்தரப் பகல் டூட்டி கேட்டாள். "எல்லாரும் பகல் கேட்டா ராத்திரி பஸ்ஸை நானா ஓட்டுறது?" என்றார் அவர். சுற்றிலும் ஆம்பிளைகள். அவளுக்குச் சுற்றி வளைக்கவும் அலுப்பாக இருந்தது.

"எனக்கு மாதவிலக்கு நின்னு போச்சு சார். வேளைக்குத் தின்னு தூங்கணும்னு டாக்டர் சொல்லியிருக்காங்க."

மெக்கானிக் கையிலிருந்த ஸ்பேனரையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். பகல் டூட்டி கிடைத்தது, யாருக்கும் வேண்டாத நீண்ட ரூட்டில்.

சாப்பிடுவதும் ஒரு வேலையாகிவிட்டது. சுருங்கிப் போன வயிறு கொஞ்சம் சோற்றுக்கே அடைத்துக்கொண்டது. கடைசி ஸ்டாப்பில் டப்பாவைத் திறந்தால் "வண்டியை எப்ப எடுப்பீங்க?" என்று யாராவது கண்ணாடியைத் தட்டுவார்கள். புருஷன் காலையில் எழுந்து முட்டை அவித்துக் கொடுத்தான். சிகரெட்டை விட்டான், தொட்டான், மறுபடி விட்டான்.

பல மாதம் கழித்து, ஒரு சிக்னலில் நிற்கும்போது அடிவயிற்றில் அந்தப் பழைய வலி பிடித்தது. ஒரு காலத்தில் வராமலிருந்தால் போதும் என்று நினைத்த வலி. பின்னால் ஹாரன் அடிக்க, அவள் சிரித்துக்கொண்டே கியரைப் போட்டாள்.

வீட்டில் சொன்னதும் மாமியார் முகம் தொங்கிப் போயிற்று. "அப்ப இந்த மாசமும் இல்லையா?"

அவள் சமையலறைத் தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். "நின்னு போனது திரும்ப வந்திருக்கு அத்தை. பட்டினி கிடந்த உடம்பு. கொஞ்சம் மூச்சு விடட்டும்."

"பட்டினியா? இந்த வீட்லயா?" மாமியாரும் அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். "வயித்துல என்னன்னு கேட்டேனே தவிர, வயித்துக்கு என்னன்னு கேட்கலையேம்மா."

அதன் பிறகு டப்பா கட்டுவது மாமியார் வேலையாயிற்று.

டெஸ்டில் இரண்டு பேருக்கும் பெரிதாக எதுவும் இல்லை. மாதவிலக்கு ஒழுங்காக வருகிறது. குழந்தை இன்னும் இல்லை. மாதம் முழுக்க ஒரு எதிர்பார்ப்பு, கடைசியில் ஒரு ஏமாற்றம். அது ஒரு தனி அசதி; அதற்குச் சாப்பாட்டிலும் மருந்தில்லை.

போன வார லீவு நாளில், சாப்பிட்டுவிட்டு மத்தியானம் படுத்திருந்தாள். நாத்தனார் ஏதோ பொடியோடு வந்து நின்றாள். மாமியார் மகளை வாசலிலேயே மடக்கினார்.

"தூங்குறா. எழுப்பாதே."

"இதை மட்டும் கொடுத்துட்டுப் போயிடறேம்மா."

"நீயே தின்னுடி."

உள்ளே அவளுக்கு விழிப்புத்தான். எல்லாம் காதில் விழுந்தது. எழுந்து போய் வாங்க என்று சொல்ல வேண்டும்தான். புரண்டு படுத்துக் கண்ணை மூடிக்கொண்டாள்.