புதுச்சேரிப் பாலத்தில் ஒரு சும்மாடு

நான் ரயிலில் கொச்சிக்குப் போய்க்கொண்டிருப்பதாக அப்பா நினைத்துக்கொண்டிருந்த செவ்வாய்க்கிழமை மாலை நான்கு இருபதுக்கு, புதுச்சேரி ரயில் நிலையத்தில் இறங்கினேன். விழுப்புரத்திலிருந்து முப்பத்தெட்டு கிலோமீட்டர். வண்டி ஒன்றரை மணி நேரம் எடுத்துக்கொண்டது. கையில் கருஞ்சிவப்பு சூட்கேஸ். அதற்குள் மூன்று சட்டை, இரண்டு கால்சட்டை, பழுப்பு உறையில் என்னுடைய அசல் சான்றிதழ்கள் ஏழு. வரும் திங்கட்கிழமை காலை பத்து மணிக்குக் கொச்சியில் ஓர் உரத் தொழிற்சாலையின் ஆய்வுக்கூட வேலைக்கு நேர்காணல். 'அசல் சான்றிதழ்கள் இல்லாதவர்கள் அனுமதிக்கப்படமாட்டார்கள்' என்ற வரிக்கு அடியில், கடிதத்தைத் தட்டச்சு செய்தவர் கோடும் போட்டிருந்தார். வேதியியல் படித்துவிட்டு இரண்டு வருஷமாகத் திருச்சியில் டியூஷன் எடுப்பவனுக்கு வந்த முதல் நேர்காணல்.

அப்படிப்பட்ட நேர்காணலுக்குக் கப்பலில் போகிறவன் உண்டா என்று கேட்பீர்கள். எழுபத்தெட்டு பிப்ரவரியில் நான் போனேன். சென்னையிலிருந்து புறப்பட்டு, புதுச்சேரிக்கு எதிரே அரை நாள் நின்று, இலங்கையைச் சுற்றிக்கொண்டு சனிக்கிழமை கொச்சி சேரும் உல்லாசப் பயணம் என்று பத்திரிகையில் விளம்பரம் பார்த்தேன். அடுக்குப் படுக்கை உள்ள பங்க் வகுப்பு, சாப்பாட்டோடு நூற்றுப் பதினைந்து ரூபாய். சென்னையில் ஏறினால் இருபது ரூபாய் அதிகம். டியூஷன் பணம் கையில் இருந்தது. ரயிலில் எப்போது வேண்டுமானாலும் போகலாம்.

கப்பல் ஏஜென்ட் அலுவலகத்தில் டிக்கெட்டைச் சரிபார்த்த குமாஸ்தாவிடம் மூட்டைக் கூலியைப் பற்றிக் கேட்டேன்.

"கூலி டிக்கெட்லயே சேத்தாச்சு சார். நீங்க ஒரு காசு குடுக்க வேணாம்."

"அப்படின்னா போர்ட்டருக்கு ஒண்ணும் தரக்கூடாதா?"

"நான் அப்படிச் சொல்லலையே" என்று ரப்பர் முத்திரையைக் குத்தினார். "அது உங்களுக்கும் அவங்களுக்கும்."

அந்த இடத்திலேயே எனக்கு நெருடத் தொடங்கிவிட்டது. இரவு தங்கிய விடுதியில் (அறை ஆறு ரூபாய், கொசுவலை தனியாக ஐம்பது காசு) மேனேஜர் அதைப் பெரிதாக்கினார். "பாலத்துல பாத்து இருங்க. பொட்டி ஒரு படகு, ஆளு ஒரு படகு" என்று மட்டும் சொல்லிவிட்டு, பேரேட்டுக்குள் குனிந்துகொண்டார். இப்படிப் பாதியில் நிறுத்துகிறவர்களை நான் நம்புவதில்லை. அவர் சொன்னதை மட்டும் நம்பினேன்.

புதன், காலை எட்டேகால். புதுச்சேரியில் கப்பல் கரைக்கு வராது. கடலுக்குள் நீண்டு நிற்கும் பாலத்தின் முனைவரை நடந்து, படியிறங்கிப் படகில் ஏறி, ஒரு மைல் தள்ளி நங்கூரமிட்டிருக்கும் கப்பலுக்குப் போக வேண்டும். பாலம் என் நடையில் நானூறு தப்படி. கப்பல் வெள்ளையாக, தீப்பெட்டி அளவில் தெரிந்தது. அதைப் பார்த்தவுடன் ஓட வேண்டும் போலிருந்தது, சூட்கேஸ் விடவில்லை.

வாசலிலேயே ஒருவர் அதைக் கையிலிருந்து வாங்கிவிட்டார். வாங்கினார் என்பது மரியாதைக்காக. ஐம்பது வயதிருக்கும், கறுத்து ஒல்லியான உடம்பு, கழுத்தில் சிலுவைக் கயிறு, இடுப்பில் மஞ்சள் துணிகள் நாலைந்து செருகியிருந்தன. அதில் ஒன்றை உருவிச் சுருட்டித் தலையில் சும்மாடாக வைத்து, அதன்மேல் என் ஏழு சான்றிதழ்களையும் ஏற்றிக்கொண்டார்.

"நானே தூக்கிட்டு வர்றேன்" என்றேன்.

"படியில ரெண்டு கையும் கயித்துக்கு வேணும் முசே. பொட்டிய பல்லுல கடிச்சிக்கினு எறங்குவியா?"

பக்கத்தில் இருந்த போர்ட்டர்கள் சிரித்தார்கள். 'முசே' என்றால் ஐயா. பிரெஞ்சுக்காரர்கள் போனாலும் அந்த வார்த்தை இங்கே நிற்கிறது. ஆனால் அவர் சொன்ன விதத்தில் அதில் மரியாதை எவ்வளவு, கேலி எவ்வளவு என்று பிரிக்க முடியவில்லை.

நடந்துகொண்டே விசாரித்தேன். பெயர் சவரிமுத்து, குருசுக்குப்பத்துக்காரர். கையில் வில்லை இல்லை, நம்பர் இல்லை. எங்கள் திருச்சி ஜங்ஷனில் போர்ட்டர் என்றால் பித்தளை வில்லை உண்டு, பலகையில் கட்டணம் உண்டு, அதற்குமேல் சண்டை உண்டு. எல்லாம் ஒழுங்காக நடக்கும்.

"எவ்வளவு?" என்றேன்.

"குடுக்கறத குடு."

தமிழில் இதைவிடச் சந்தேகத்துக்குரிய வாக்கியம் கிடையாது. பாலத்தின் முனையில் சூட்கேஸை மற்ற மூட்டைகளோடு இறக்கியதும், முந்திக்கொண்டு ஐம்பது காசை நீட்டினேன். அவர் கையை நீட்டவில்லை.

"இப்ப வாணாம்."

"அப்புறம் எப்போ?"

"மேல போயி பொட்டிய பாத்துட்டு."

சொல்லிவிட்டு, தலையிலிருந்த மஞ்சள் துணியைப் பிரித்து சூட்கேஸின் கைப்பிடியில் இரண்டு முடிச்சுப் போட்டுக் கட்டினார். அடுத்த சுமைக்குத் திரும்பி நடந்தார்.

காசு வேண்டாம் என்று சொல்லும் போர்ட்டரை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? நான் நின்று யோசித்தேன். மூட்டைகளைப் பார்த்தேன். பெரும்பாலானவற்றில் துணி கட்டியிருந்தது: நீலம், சிவப்புக் கட்டம், காவி. சிலவற்றில் இல்லை. துணி இருந்தவை எல்லாம் கொஞ்சம் கனமானவை, பூட்டுப் போட்டவை. இல்லாதவை துணிப்பை, தகரப்பெட்டி. கணக்கு எனக்கு உடனே விளங்கிவிட்டது. எதைத் திறந்தால் ஏதாவது கிடைக்கும் என்று படகில் இருக்கும் கூட்டாளிக்குக் காட்டும் அடையாளம்! பெட்டி ஒரு படகு, ஆள் ஒரு படகு. 'இப்ப வாணாம்' என்பதன் அர்த்தமும் விளங்கிவிட்டது.

சவரிமுத்துவின் முதுகு பாலத்தின் நடுவரை போகும்வரை காத்திருந்தேன். துணியை அவிழ்த்துக் கால்சட்டைப் பைக்குள் திணித்துக்கொண்டேன். சூட்கேஸை இரண்டு தகரப்பெட்டிகளுக்கு நடுவில் தள்ளிவைத்தேன். என் புத்திசாலித்தனத்தில் எனக்கே சந்தோஷமாக இருந்தது.

ஒன்பதே முக்கால். ஆட்களின் படகு. பாசி பிடித்த படியில் உண்மையாகவே இரண்டு கையும் கயிற்றுக்குத்தான் சரியாக இருந்தது. படகில் எனக்கு அடுத்து உட்கார்ந்தவர் தெரேஸ் என்ற நர்ஸ், முப்பது வயதிருக்கும். கொச்சியில் இருக்கும் தங்கைக்குத் தையல் மெஷின் கொண்டுபோகிறார். அந்த மெஷின் பொட்டலத்தில் நீலத் துணி கட்டியிருந்ததை நான் பார்த்திருந்தேன். மனசு கேட்கவில்லை.

"அக்கா, உங்க மெஷின்ல துணி கட்டியிருக்காங்க. கவனிச்சீங்களா?"

"கட்டாம? கட்டினாத்தானே வரும்."

நான் பையிலிருந்து மஞ்சள் முனையைக் கொஞ்சமாக வெளியே இழுத்துக் காட்டினேன். அவர் என் முகத்தைப் பார்த்தார், துணியைப் பார்த்தார், பிறகு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

"ஐயோ தம்பி! இத ஏன் அவுத்த?"

அலை தெறிக்கத் தெறிக்க அவர் சொன்னது இதுதான். துணி, போர்ட்டரின் பொறுப்பு; ஆளுக்கொரு நிறம். எவர் துணி கட்டியிருக்கிறதோ அந்தப் பெட்டிக்கு அவர்தான் பதில் சொல்ல வேண்டும். கப்பலில் பெட்டியைப் பார்த்து, நனையாமல் உடையாமல் இருந்தால், துணியை அவிழ்த்து முனையில் காசை முடிந்து கீழே படகில் போட வேண்டும். துணி பாலத்துக்குத் திரும்பும். பெட்டிக்கு ஏதாவது ஆகியிருந்தால் வெறும் துணியைப் போட வேண்டும். வெறும் துணி வந்தால் அந்த ஆளைப் பாலமே கேள்வி கேட்கும்.

"துணி இல்லாத பெட்டி?"

"அதுக்கு யாரும் பொறுப்பில்ல. கடைசில ஏத்துவாங்க. எடமிருந்தா."

"இல்லாட்டி?"

"அடுத்த கப்பலுக்கு" என்று சொல்லிவிட்டு, என் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்தினார்.

ஒன்றை இங்கே சொல்லிவிடுகிறேன். பயத்தோடு பயமாக, எனக்கு இதிலும் சந்தேகம்தான். துணி கட்டினால்தான் பெட்டி போகும் என்றால் அது காவலா, மிரட்டலா? தெரேஸிடம் கேட்டேன். "ரெண்டுந்தான்" என்றார்.

பத்து ஐம்பது. கப்பலின் தளம். பன்னிரண்டு மணிக்கு நங்கூரம் எடுப்பதாகப் பலகையில் சாக்கட்டியால் எழுதியிருந்தது. முதல் மூட்டைப் படகு வந்தது. வலையில் கட்டிப் பெட்டிகளைத் தூக்கினார்கள். பயணிகள் பெட்டியைத் தட்டிப் பார்த்து, முடிச்சுப் போட்டு, துணிகளைக் கீழே எறிந்தார்கள். என் சூட்கேஸ் இல்லை.

பதினொன்று இருபது. இரண்டாவது படகு. தெரேஸின் மெஷின் வந்தது. அவர் ஒரு ரூபாயை முடிந்து எறிந்தார். என் சூட்கேஸ் இல்லை. வலை காலியாக இறங்கியது.

கைப்பிடிக் கம்பியில் வயிறு அழுந்தக் குனிந்து கத்தினேன். "என் பெட்டி வரலை! செவப்பு சூட்கேஸ்!"

படகை நடத்தும் தண்டேல் நிமிர்ந்து பார்த்தார். "துணி இன்னா நெறம்?"

எனக்கு வேறு வழி தெரியவில்லை. பையிலிருந்து மஞ்சள் துணியை எடுத்து ஆட்டிக் காட்டினேன்.

கீழே படகு முழுவதும் சிரித்தது. "துணி உங்கையில இருக்குது, பொட்டி எங்க முசே? பறந்து போச்சா?"

"இன்னொரு தடவை போய்ட்டு வாங்க. ப்ளீஸ். நான் காசு தர்றேன்." அவசரமாக ஐந்து ரூபாய் நோட்டைத் துணி முனையில் முடியப் போனேன். தெரேஸ் என் மணிக்கட்டைப் பிடித்துவிட்டார்.

"காசு கட்டாத."

"ஏன்?"

"முடிச்சோட துணி போனா, பொட்டி வந்துடுச்சின்னு அர்த்தம். ஒருத்தனும் தேட மாட்டான். வெறுந்துணி போவணும்."

"அவர்மேல தப்பே இல்லையே அக்கா."

"தெரியுது. ஆனா உனக்குப் பொட்டி வேணுமா, வாணாமா?"

திங்கட்கிழமை பத்து மணி. அசல் என்ற சொல்லுக்கு அடியில் ஒரு கோடு. அப்பா. எல்லாம் ஒன்றாக வந்து போயின. வெறும் துணியை எறிந்தேன். அது காற்றில் விரிந்து இறங்கி, தண்டேலின் காலடியில் விழுந்தது. அவர் எடுத்து இரண்டு முனையையும் தடவிப் பார்த்தார். சிரிப்பு போய்விட்டது. "சவரிமுத்துதா?" என்று யாரோ விசாரித்தது மேலே வரை கேட்டது. மூட்டைப் படகை இழுத்து வந்த இழுவைப் படகின் இன்ஜின் கிளம்பியது.

அந்த முப்பது நிமிஷத்தை வர்ணிக்க என்னிடம் எதுவும் இல்லை. கடல் நீலமாக இருந்தது என்று தெரேஸ் பிறகு சொன்னார். பன்னிரண்டுக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது கப்பலின் சங்கு ஊதியது. முன்பக்கத்தில் சங்கிலி இழுபடும் சத்தம் கேட்கத் தொடங்கியது. அப்போதுதான் படகு தெரிந்தது. அதன் நடுவில் ஒருவர் நின்றுகொண்டு வந்தார். பாலத்துப் போர்ட்டர்கள் கப்பல்வரை வருவதில்லையாம், சவரிமுத்து வந்திருந்தார். என் சூட்கேஸ் அவர் தலையில் இருந்தது. படகிலும் அதை அவர் கீழே வைக்கவில்லை.

கயிற்றில் கட்டி மேலே அனுப்பினார்கள். ஐந்து ரூபாயை எடுத்து, "அண்ணே, துணியப் போடுங்க!" என்று கத்தினேன்.

"மொதல்ல தொற!"

"வேணாம்ணே, எனக்கு நம்பிக்கை..."

"நீ நம்பறது இருக்கட்டும். வெறுந்துணிய அத்தினி பேரும் பாத்தாங்க. தொறந்து பாத்து எல்லாருக்கும் கேக்கற மாதிரி சொல்லு!"

தளத்திலேயே, எல்லார் முன்னாலும், சூட்கேஸைத் திறந்தேன். என் பனியன்களை முப்பது பேர் பார்த்தார்கள். பழுப்பு உறையைப் பிரித்து ஒன்று முதல் ஏழுவரை எண்ணினேன். ஒன்றுகூட நனையவில்லை. "எல்லாம் சரியா இருக்கு!" என்று கத்தினேன். போதாது என்பதுபோல அவர் பார்த்துக்கொண்டே நின்றார். "துணிய அவுத்தது நான்தான்! தப்பு என்னோடது!" என்றும் கத்தினேன். தண்டேல் தலையை ஆட்டினார்.

அதற்குப் பிறகுதான் சவரிமுத்து துணியைப் பந்தாகச் சுருட்டி எறிந்தார். தெரேஸ் பிடித்துக் கொடுத்தார். ஐந்து ரூபாயை வைத்து, அவர் போட்டது போலவே இரண்டு முடிச்சுப் போட்டேன். எறிந்தது படகுக்கு ஓர் எட்டு தள்ளித் தண்ணீரில் விழுந்தது. துடுப்பால் எடுத்தார்கள். அவர் அதைப் பிழியவில்லை, அவிழ்க்கவில்லை, எவ்வளவு என்று பார்க்கவும் இல்லை. வலது கையில் தூக்கிப் பிடித்தார். முடிச்சு கீழே தொங்கியது. பாலத்தில் இருக்கிறவர்களுக்குத் தெரியவேண்டும் என்று அப்படியே நின்றுகொண்டு போனார். கப்பல் திரும்பியபோதும் அந்த மஞ்சள் புள்ளி தெரிந்தது.

சனிக்கிழமை கொச்சித் துறையில் என் பெட்டியைத் தூக்கியவருக்குப் பித்தளை வில்லை இருந்தது, நம்பர் நாற்பத்தொன்று. கட்டணம் அறுபது காசு என்று பலகையில் எழுதியிருந்தது. கொடுத்தேன், வாங்கிக்கொண்டார். எங்கள் ஊர் போலவே ஒழுங்கு. அவர் முகம் எனக்கு இப்போது நினைவில்லை.

திங்கட்கிழமை, காலை பத்து இருபது. நேர்காணல் அதிகாரி என் பட்டச் சான்றிதழை எடுத்தார். என்னை ஒருமுறை பார்த்தார். பிறகு அதை ஜன்னல் பக்கம் தூக்கி, வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து, முத்திரையை விரல் நகத்தால் மெல்லச் சுரண்டினார்.

"இது அசல்தானே?"

காது சுட்டது. "அசல்தான் சார். நல்லாப் பாருங்க. ஏழையும் பாருங்க" என்றேன். என் குரல் தேவைக்கு மேல் உயர்ந்துவிட்டது. அடுத்த அறையில் காத்திருந்தவர்களுக்கும் கேட்டிருக்கும். கேட்கட்டும் என்றுதான் இருந்தது.